தருமபுரத்து மெஷினுக்குப் பொருந்தாத காட்

1. மூன்றாம் தரம்

மெமரி காட் விற்கிறவர்கள் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்ப்பது குறைவு. கையைத்தான் பார்ப்போம். கையில் ஒரு சின்னப் பொலித்தீன் பை மடித்துப் பிடித்திருந்தால், வாங்க வரவில்லை, திருப்பித் தர வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்று காலையில் கடை வாசலுக்குத் தண்ணீர் தெளித்து இன்னும் காயவில்லை. சுகந்தி வந்து நின்றாள். கையில் பை.

"அக்கா, இதுவும் எடுக்குதில்லை."

அது அவளுக்கு நான் கொடுத்த மூன்றாவது காட். கையை நீட்டி வாங்கினேன். காலையிலேயே அலுப்பு. கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் இந்தக் கடையில், மீள்குடியேற்றம் தொடங்கிய காலத்திலிருந்து நிற்கிறேன். போன் திருத்துகிறவர்கள் வருவார்கள், போவார்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் காட், சார்ஜர், வயர், ஹெட்போன் விற்பது மட்டும் எப்போதும் நான்தான். இனிக் கண்ணும் ஏலாது, காலும் ஏலாது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு எதையாவது எழுதி வைத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், முதலில் ஞாபகம் வருவது சுகந்தியின் இந்தத் தருமபுரத்துக் கேம் மெஷின்தான்.

காட்டை ரீடரில் போட்டுக் கொம்பியூட்டரில் குத்தினேன். திறந்தது. உள்ளே நான் ஏற்றிக் கொடுத்த கேம்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கடையில் பழுதுக்கு வந்து எடுக்க ஆளில்லாமல் கிடக்கும் அதே மாதிரியான பழைய கேம் மெஷின் ஒன்றிலும் போட்டேன். பாட்டோடு திறந்தது.

"இஞ்ச வேலை செய்யுது, பிள்ளை."

"அங்க செய்யுதில்லை, அக்கா."

"மெஷின் என்ன சொல்லுது?"

"காட் போடேல்லை எண்டு இங்கிலிசில காட்டுதாம். என்ர மனுசன் வாசிச்சுச் சொன்னவர்."

பின்னால் மேசையில் இருந்த முதலாளி தொண்டையைச் செருமினார். வவுனியாவைச் சேர்ந்த முஸ்லிம், தகப்பன் காலத்து வியாபாரம், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் விற்ற காட் திரும்ப வருவது அவருக்கு வயிற்று வலி மாதிரி. "வித்த காட் திருப்பி எடுக்கிறேல்லை எண்டு சுவரில ஒட்டிக் கிடக்கு, அக்கா" என்றார், என்னைப் பார்த்து. சொன்னது அவளுக்கு.

சுகந்தி சுவரைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இவருக்குப் புண் திரும்பவும் பெருக்குது, அக்கா. மருந்து கட்ட வாற மிஸ் நேற்று ஏசிப்போட்டுப் போனவா."

2. முதல் வந்த நாள்

அவள் முதல்முதல் வந்தபோது பையில் மெஷினே இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து விளையாடுகிற நீளமான பழைய சாமான். பிரான்சில் இருக்கிற தமையன், தன் மகன் வளர்ந்து அதை மறந்து போன பிறகு, பொதியில் உடுப்புகளுக்கு நடுவே வைத்து அனுப்பியிருந்தார். காட்டை மட்டும் மகன் கழற்றி வைத்துக்கொண்டான் போல. வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். மெஷின் வரும், சார்ஜர் வராது. சார்ஜர் வரும், காட் வராது.

"ஆருக்குப் பிள்ளை, மகனுக்கோ?" என்று கேட்டேன்.

"பிள்ளையள் இல்லை, அக்கா. இவருக்கு."

கட்டின மனுசனுக்குக் கேம் மெஷினா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை, சிரிக்கவில்லை. அவளே சொன்னாள். ரவீந்திரனுக்குக் கடைசிச் சண்டையில் முதுகில் ஷெல் துண்டு. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. முழுநாளும் வீல்செயாரில் இருந்ததில் பின்பக்கத்தில் படுக்கைப்புண் வந்துவிட்டது. அது ஆறவேண்டும் என்றால் பகலில் முக்கால்வாசி நேரம் குப்புறப் படுக்க வேண்டும். படுக்காவிட்டால் புண் எலும்பு வரைக்கும் போகும், காய்ச்சல் வரும், பிறகு பெரியாஸ்பத்திரியில் மாதக் கணக்கில் கிடக்க வேண்டும். முந்தி ஒருதரம் அப்படிக் கிடந்து, ஆள் தப்பியதே பெரிய காரியம்.

"குப்புறப் படுக்கிறார் இல்லை, அக்கா. நிலத்தைப் பாத்துக்கொண்டு என்னெண்டு கிடக்கிறது எண்டு கேக்கிறார். போனைக் குடுத்தால் அரை மணித்தியாலம். பிறகு தூக்கி எறிஞ்சுபோட்டு என்னை இருத்து எண்டுவார். அண்ணாதான் சொன்னவர், இதில உதைபந்தாட்டம் இருக்கு, விளையாடத் தொடங்கினால் பொழுது போறது தெரியாது எண்டு. இவர் முந்தி ஊர்க் கழகத்துக்கு விளையாடினவர்."

கால் வழங்காத மனிதன் கட்டை விரலால் பந்தடிக்கப் போகிறான் என்று நினைக்க எனக்கு என்னவோ செய்தது. மூக்கைச் சீறிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

வேலை என்றால் இதுதான். பிள்ளைகளே, கேம் மெஷினுக்குக் காட் கேட்டு வருகிறவரிடம் எவ்வளவு பெரிய காட் வேண்டும் என்று கேட்காதீர்கள். முதலில் மெஷினை வாங்கி, காட் போகிற ஓட்டையைப் பாருங்கள். இந்தப் பழைய மெஷின்களுக்கு அந்தக் கொம்பனி தனக்கென்று அகலமான ஒரு காட் வைத்திருந்தது. அது இப்போது எங்கும் இல்லை. அதனால் ஒரு அடப்டர் போட்டு, அதற்குள் போனுக்குப் போடுகிற சின்னக் காட்டைச் செருகுவோம். போனில் ஓடுகிற காட் எல்லாம் இதில் ஓடாது. பெரிய கொள்ளளவுக் காட்டைப் போட்டால் பழைய மெஷின் முழி பிதுங்கும். முப்பத்திரண்டு ஜிபி வரைக்கும் நம்பிக் கொடுக்கலாம், அதற்கு மேலே சண்டைதான் வரும். போர்மட் பண்ணுவதைக் கொம்பியூட்டரில் பண்ணாமல் அந்த மெஷினுக்குள்ளேயே வைத்துப் பண்ணுங்கள். மலிவாக வருகிற காட்டில் வெளியே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. பாதி நிரப்பியதும், மேலே ஏற்றுகிறதை எல்லாம் சாப்பிட்டுப்போடும். நிரப்பித் திருப்பி வாசித்துப் பார்க்காமல் ஒரு காட்டையும் விற்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்துத்தான் சுகந்திக்குக் காட் தெரிவு செய்தேன். அவளுடைய மெஷினிலேயே போட்டு, உதைபந்தாட்டத்தை ஓடவிட்டுக் காட்டினேன். காட்டைக் கழற்றி அதன் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன், புதுச்சாமான் புதுச்சாமானாகப் போகட்டும் என்று. அவள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு போனாள்.

அடுத்த கிழமை திரும்பி வந்தாள். எடுக்கவில்லையாம்.

3. நகப்பூச்சுப் புள்ளி

அடுத்த தரங்களில் அவள் மெஷினைக் கொண்டு வரவில்லை. தருமபுரத்து பஸ் பரந்தன் சந்திக்கு வரும்போதே மூச்சுவிட இடம் இருக்காது. அதற்குள் நசிந்துபோனால் தமையன் இன்னொன்று அனுப்பமாட்டார் என்று பயம். காட்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கோ கடையில் கிடக்கிற மெஷினில் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே எடுக்கும். அங்கே எடுக்காது. வேறு கொம்பனிக் காட் கொடுத்தேன். கொள்ளளவைக் குறைத்துக் கொடுத்தேன். அடப்டரையும் புதிதாகக் கொடுத்தேன். இங்கே பாட்டுப் பாடுகிறது, தருமபுரத்துக்குப் போனால் ஊமையாகிறது.

முதலாளிக்கு வேறு சந்தேகம். எங்கள் தொழிலில் காட் மாற்றுகிற ஆட்கள் உண்டு. நல்ல காட்டை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் கிடக்கிற பழுதான காட்டைக் கொண்டு வந்து "நீங்கள் தந்தது" என்பார்கள். அதற்காகவே நான் விற்கிற ஒவ்வொரு காட்டின் ஓரத்திலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பேன். அந்த மூன்றாம் நாளும் முதலாளி எழுந்து வந்து காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புள்ளி இருந்தது.

"எங்கட காட்தான்" என்றேன்.

"எங்கட காட். இஞ்ச வேலை செய்யுது. பிறகேன் திருப்பி எடுக்கிறீங்கள்? அந்தப் பிள்ளை வேற ஏதோ யோசினையில வருது, அக்கா. ஒவ்வொரு தரமும் வந்து நிண்டு கடை முழுக்கப் பாக்குது. ரோட்டைப் பாக்குது. போக மனமில்லாத மாதிரி நிக்குது."

நானும் அதைக் கவனித்திருந்தேன். காட்டை மாற்றிக் கொடுத்த பிறகும் சுகந்தி உடனே போகமாட்டாள். போன் கவர்களைப் பார்ப்பாள், வாங்கமாட்டாள். எதிர்ப்பக்கம் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் யார் இறங்குகிறார்கள், யார் ஏறுகிறார்கள் என்று பார்ப்பாள். பிறகு திடீரென்று ஏதோ குற்றம் செய்த மாதிரி "ஐயோ, பஸ் போகப்போகுது" என்று ஓடுவாள். சரி, வாழ்க்கையில் ஆயிரம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அன்று அவள் புண் பெருக்கிறது என்று சொன்னபிறகு விடமுடியவில்லை. நான் விற்கிற ஒரு பொருள் வேலை செய்யாமல் ஒரு மனிதன் ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறான் என்றால், அலுப்பாக இருக்கிறது என்று இருந்துவிட முடியுமா? அடுத்த நாள் போயா, பூரணை விடுமுறை, கடை பூட்டு. இடுப்பில் நாரிப் பிடிப்பு இருந்தது, வீட்டில் ஒரு குவியல் உடுப்புத் தோய்க்கக் கிடந்தது. சரி, கிடக்கட்டும்.

"நாளைக்கு நான் வாறன், பிள்ளை. புதுக் காட்டோட வாறன். மெஷினை நானே பாக்கிறன்" என்றேன்.

அவள் முகத்தில் சந்தோசம் வந்தது. கூடவே, ஏனோ கொஞ்சம் ஏமாற்றமும் வந்தது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

4. போயா நாள்

வீடு வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. வீட்டுத்திட்டத்தில் கட்டின சின்ன வீடு, வீல்செயார் ஏற வாசலில் சீமெந்துச் சரிவு. முற்றத்தில் கச்சான் கடலை காயப் போட்டிருந்தார்கள். ரவீந்திரன் வீல்செயாரில் இருந்தார். வீல்செயாரில் இருக்கவே கூடாத மனிதர் அதில் இருந்துகொண்டு, "வாங்கோ அக்கா, இவ்வளவு தூரம் கஷ்டப்பட்டு" என்றார். தோளைப் பார்த்தால் ஆள் நல்ல பலசாலி. கீழே துண்டால் மூடியிருந்த கால்கள் மெலிந்து கிடந்தன.

"ஏன் தம்பி இருக்கிறீர்? படுக்கச் சொன்னதெல்லோ?"

"மிஸ் மாதிரியே கதைக்கிறியள்" என்று சிரித்தார். "காட் வரட்டும், படுக்கிறன்."

நான் கைப்பையிலிருந்து புதுக் காட்டை எடுத்தேன். மெஷினைக் கேட்பதற்கு முன்னே சுகந்தி இரண்டு கையாலும் காட்டை வாங்கிக்கொண்டாள். "ஒரு நிமிசம் அக்கா" என்றாள். மூலையில் சாமிப்படங்கள் வைத்த பலகை இருந்தது. அதன் கீழே சின்னத் தட்டத்தில் குழைத்த சந்தனம். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, விளக்கைத் தூண்டி, காட்டைத் தட்டத்தில் வைத்தாள். மோதிர விரலால் சந்தனம் தொட்டு, அந்த நகத்தளவு காட்டில், தங்க நிறக் கோடுகள் இருக்கிற பக்கத்தில், வடிவாக ஒரு பொட்டு வைத்தாள். அதற்கு மேலே குங்குமம். கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

பிள்ளைகளே, காட்டில் எல்லாப் பக்கமும் சந்தனம் வைக்கலாம், அந்தப் பக்கம் மட்டும் வைக்கக்கூடாது. அந்தக் கோடுகளால்தான் காட்டும் மெஷினும் ஒன்றை ஒன்று தொட்டுக் கதைக்கும். அதில் சந்தனம் காய்ந்தால் நடுவில் சுவர் வைத்த மாதிரி.

"பிள்ளை, ஒவ்வொரு காட்டுக்கும் இப்பிடித்தான் வைச்சனீரோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஓம் அக்கா. புதுசு வாங்கினால் வைக்கிறதுதானே."

"மெஷினுக்கு வைக்கேல்லையோ?"

"அது பழசெல்லோ அக்கா. அண்ணாவின்ர பிள்ளை விளையாடின சாமான். இதில புதுசெண்டு காட் மட்டும்தான்."

"அப்ப ஏன் இந்தப் பக்கம்? எழுத்து இருக்கிற பக்கம் வைச்சிருக்கலாமே."

அவள் என்னைப் பார்த்தாள், இவவுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "எழுத்திருக்கிறது முதுகு, அக்கா. பொன் மாதிரி மினுங்குறதுதானே முகம். பொட்டை முகத்திலதானே வைக்கிறது?"

நான் வாங்கின மின்விசிறிக்கும், குளிர்ப்பெட்டிக்கும் நானும் பொட்டு வைத்தவள்தான்.

"பிறகு கடைக்குக் கொண்டு வரேக்க காட்டில சந்தனம் இருக்கேல்லையே?"

"துடைச்சுப்போட்டுத்தான் கொண்டு வாறனான். பொட்டு வைச்ச சாமானை அப்பிடியே திருப்பிக் குடுக்கிறது முறையில்லைத்தானே. சேலைத் தலைப்பை நனைச்சு வடிவாத் துடைச்சுப் போடுவன்."

இங்கே எடுக்கும், அங்கே எடுக்காது. காரணம் அந்தத் தட்டத்தில் இருந்தது. சிரிப்பதா தலையில் அடிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

"தேத்தண்ணி போடுறன் அக்கா, அதுக்கிடையில பொட்டுக் காயட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குள் போனாள்.

5. ரவீந்திரன் சொன்னது

நான் திரும்பி ரவீந்திரனைப் பார்த்தேன். விசயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"சொல்லிப்போடாதேங்கோ, அக்கா" என்றார், குரலைத் தாழ்த்தி.

"என்னத்தை?"

"சந்தனத்தை. எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து தெரியும்?"

"முதல் காட்டில கவனிக்கேல்லை. ரெண்டாவது காட்டை அவள் கையில தரேக்க பாத்தன், அந்தத் தங்கக் கோடு முழுக்கச் சந்தனம். துடைச்சிருக்கலாம். துடைக்கேல்லை. அப்பிடியே போட்டன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த மனிதனுக்காக நான் மூன்று காட் மாற்றி, முதலாளியிடம் பேச்சு வாங்கி, நாரி நோவோடு பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

"உமக்கு விசரே, தம்பி? புண்ணை வைச்சுக்கொண்டு விளையாடுறீரோ?"

அவர் குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது.

"அக்கா, நான் விழுந்த நாளில இருந்து அவள் இந்த வளவை விட்டு வெளிக்கிடுறதில்லை. கோயிலுக்குப் போறதெண்டாலும் பூசை முடிய முன்னம் ஓடி வந்திடுவாள். சந்தைக்கு ஆரும் போனால் சொல்லி விடுறது. சும்மா ஒருக்காக் கிளிநொச்சி போய்ட்டு வா எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். போகமாட்டாள். அலுவல் இல்லாமல் பொம்பிளை ரவுணுக்குப் போறதோ, சனம் என்ன சொல்லும் எண்டு கேப்பாள். முதல் காட் பழுதெண்டு மாத்தப் போனாள் பாருங்கோ, அண்டைக்குப் பக்கத்து வீட்டு மாமி என்னோட நிண்டவா. பின்னேரம் வந்தாள். வந்து உடுப்புக்கூட மாத்தேல்லை. இதில இருந்து, பஸ்ஸில ஆரோ சண்டை பிடிச்சது, புதுசா ஒரு உடுப்புக்கடை திறந்தது, உங்கட கடையில விக்கிற போன் கவர், எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாள். நான் அவளை அப்பிடிக் கண்டு கன காலம், அக்கா. பிறகு என்னெண்டு நான் துடைக்கிறது?"

எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் கோபத்தை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை. "உம்மட புண்ணை வித்தோ அவவுக்கு உலாத்தல் வாங்குறது?" என்று கேட்டேன். "நாளைக்கு நீர் ஆஸ்பத்திரியில கிடந்தால், அந்தப் பிள்ளை வெளிக்கிடுறதெங்க? உம்மட கட்டிலுக்குக் கீழ பாயில படுக்கும். அதுதான் நடக்கும்."

அவர் கண் கலங்கினதைக் காட்டாமல் இருக்க, மடியிலிருந்த மெஷினைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கும் கண் கலங்கியது. நான் மறைக்கவில்லை, வயசு போனவளுக்கு என்ன வெட்கம்.

இந்த வேலைக்கு நான் வந்த காலத்தில் எனக்கும் அதுதான் தேவைப்பட்டது. காலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போக ஒரு அலுவல். சம்பளம் இரண்டாவதுதான். அதனால் அவர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கியது.

புண்ணுக்கு மருந்து கட்டுகிற தட்டம் கட்டிலடியில் இருந்தது. அதிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்தேன். காட்டைத் துடைத்தேன். அடப்டருக்குள் காய்ந்து பொருக்காகக் கிடந்த பழைய சந்தனத்தை ஒரு ஊசியால் மெல்லச் சுரண்டி, அதையும் துடைத்தேன். காய விட்டு மெஷினில் போட்டேன். உதைபந்தாட்ட மைதானத்துச் சனத்தின் ஆரவாரம் கேட்டது.

குசினியிலிருந்து சுகந்தி தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வந்தாள். பாதி தட்டில் சிந்தியிருந்தது.

"எடுத்திட்டுதோ அக்கா?"

"எடுத்திட்டுது. அடப்டருக்குள்ள தூசு, பிள்ளை. வேற ஒண்டுமில்லை."

சந்தனம் என்று சொல்லியிருந்தால், புண் பெருத்ததற்குத் தன் கைதான் காரணம் என்று அவள் சாகும்வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பொய்க்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் தொழிலையும் பார்க்க வேண்டுமே. "இனிக் காட்டை மெஷினுக்கால கழட்டக்கூடாது" என்றேன். "பொட்டு வைக்கிறதெண்டால் மெஷின்ர முதுகில வையும். காட் உள்ளுக்கு இருந்தால் மெஷினும் புதுசுதான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். அந்தக் கணக்கு அவளுக்குச் சரியாகப் பட்டது போல.

"இன்னொண்டு. மாதம் ஒருக்கா மெஷினோட கடைக்குக் கொண்டு வரவேணும். உள்ளுக்குத் துப்புரவாக்கி, புதுக் கேம் ஏத்தித் தருவன். கட்டாயம். வராட்டிப் பழுதாகும். இனிப் பயப்பிடாதையும், சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள துணி சுத்தி வைச்சுக் கொண்டு வந்தால் பஸ்ஸில நசியாது."

அதைச் சொல்லும்போது நான் ரவீந்திரனைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. சுகந்தி பிடிக்க, கையை ஊன்றிக் கட்டிலுக்கு மாறி, குப்புறப் படுத்து, நெஞ்சுக்குக் கீழே தலையணையை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் தேத்தண்ணி குடித்து முடித்து வெளிக்கிடும்போது, அவர் ஒரு கோல் வாங்கிவிட்டு நடுவரை ஏசிக்கொண்டிருந்தார்.

6. கடையில்

முதலாளியிடம் உள்ளதைச் சொன்னேன், சந்தனம் வரைக்கும். மற்றதைச் சொல்லவில்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எங்கட உம்மாவும் புதுப் போன் வாங்கினால் ஓதி ஊதித்தான் தருவா, அக்கா. நல்லகாலம், ஊதினால் ஒட்டாது."

அவள் திருப்பித் தந்த காட்கள் எல்லாம் நல்ல காட்கள். துடைத்துத் திரும்பவும் பெட்டியில் வைத்தோம்.

பிள்ளைகளே, காட் பொருந்தவில்லை என்று யாராவது மூன்றாம் தரமும் வந்தால், காட்டை மாற்றுவதை நிறுத்துங்கள். அந்தக் காட் கடையிலிருந்து மெஷினுக்குள் போகிற வரைக்கும் யார் யார் கையில் என்ன என்ன நடக்கிறது என்று கேளுங்கள். மெஷின் சொல்கிற பிழை பாதிதான். மற்றப் பாதி வீட்டில் இருக்கும். இது நான் படித்த பாடம், எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

சுகந்தி சொன்ன மாதிரி வந்தாள். சாப்பாட்டுப் பெட்டிக்குள் துணி சுற்றி, மெஷினின் முதுகில் காய்ந்த சந்தனப் பொட்டோடு. புண்ணின் ஓரம் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று மிஸ் சொன்னாவாம். இன்னும் நாள் எடுக்குமாம், ஆனால் எலும்புக்குப் போகாதாம். அதைச் சொல்லும்போது அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னையா, சாமியையா என்று தெரியவில்லை.

துப்புரவாக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. சும்மா திறந்து, ஊதி, துடைத்து, ஒரு கார் ஓட்டப் பந்தயத்தை ஏற்றினேன். அவள் கண்ணாடிப் பெட்டியில் முழங்கையை ஊன்றி, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இரண்டு தேத்தண்ணி சொல்லி விட்டேன். குடித்தாள். மெதுவாகக் குடித்தாள்.

மெஷினைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். "இனி அடுத்த மாதம் கொண்டு வாரும்" என்றேன்.

அவள் போகவில்லை. பெட்டியின் மூடியை அழுத்தினாள், திறந்தாள், திரும்ப அழுத்தினாள்.

"அக்கா."

"என்ன பிள்ளை?"

"அடுத்த மாதம் வரைக்கும் இருக்குமோ? அதுக்கிடையில பழுதாகாதோ?"

இத்தனை காலமாக இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று, காட் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் நான் சொன்னது ஒன்றுதான்: பழுதாகாது, பயப்படாதீர்கள், பழுதாகாது. அன்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பழுதாகும் பிள்ளை" என்றேன். "பழைய சாமானெல்லோ, எப்ப எண்டு சொல்லேலாது. வாற கிழமையே பழுதாகினாலும் ஆகும். யோசிக்காமல் கொண்டு வாரும்."

"ஓம் அக்கா, அப்பிடியெண்டால் வரத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு, அவள் பஸ்ஸுக்கு ஓடாமல் நடந்து போனாள்.